பென்ஷன் வீட்டில் கை நனைக்காமல்

பென்ஷன் என்ற சொல்லைப் பற்றி எனக்கு யாரும் புதிதாகச் சொல்வதற்கு எதுவும் இல்லை என்ற நம்பிக்கையோடுதான் கப்பல் ஏறினேன். உத்தியோக காலத்தின் பெரும்பகுதியை ஓர் அரசாங்க அலுவலகத்தின் பென்ஷன் பிரிவில் கழித்தவன் நான். செத்தவர் செத்துவிட்டார் என்று யார் சான்று கொடுக்க வேண்டும், எதிரே நிற்பவர் உயிரோடுதான் நிற்கிறார் என்று யார் சான்று கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்போது நானே பென்ஷன்காரன். வருடத்துக்கு ஒருமுறை என் பழைய நாற்காலியில் இருப்பவன் முன்னால் போய் நின்று, நான் இன்னும் சாகவில்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. நான் கற்றுக்கொடுத்த முறைதான்.

ஐரோப்பாவுக்குப் போக வேண்டி வந்தது பெண் பார்க்க. என் மகன் குமரேசன் இயந்திரத் தொழிற்சாலைப் பயிற்சிக்காக ஜெர்மனிக்குப் போயிருந்தான். தான் தங்கியிருக்கும் வீட்டுக்கார அம்மாளின் மகள் கிறிஸ்டாவைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக எழுதினான். என் மனைவி அழுவாள் என்று எதிர்பார்த்து நான் தண்ணீர்ச் சொம்போடு தயாராக இருந்தேன். அவள் அழவில்லை.

“பொண்ணுன்னா முறைப்படி போய்ப் பார்க்கணும். கடுதாசியில பார்க்க முடியுமா?” என்றாள்.

“ஜெர்மனியில இருக்காடி.”

“வேலூர்ல இருந்தா போவீங்க இல்ல? அது மாதிரிதான். கொஞ்சம் தூரம்.”

அவளுக்கு ஆஸ்துமா, கடல் பயணம் ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே முழு அதிகாரத்தையும் என்னிடம் ஒப்படைத்து, ஒரே ஒரு நிபந்தனையும் விதித்தாள். பெண் பார்க்கப் போன வீட்டில் காபி பலகாரம் உண்டு. உட்கார்ந்து சாப்பிடுவது கிடையாது. சாப்பாட்டில் கை நனைத்தால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். இது எங்கள் பக்கத்து முறை.

“பிடிச்சிருந்தா கை நனைங்க. பிடிக்கலைன்னா காபியோட எழுந்து வந்துடுங்க. சாப்பிட்டீங்கன்னு தந்தி வரட்டும், நான் இங்க மஞ்சள் வாங்க ஆரம்பிச்சுடறேன்.”

பெங்களூர் ரயில் நிலையத்தை ஒட்டிய ஒக்கலிபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு நரசிம்மையாவும் பென்ஷன்காரர்தான். கன்னடமும் தமிழும் கலந்துதான் எங்களிடம் பேசுவார். “ஏன் சாமி, பிஞ்சணி வாங்கிக்கிட்டு சும்னே மனையில இருக்கக் கூடாதா? இந்த வயசுல சமுத்திரம் எல்லாம் பேக்கா, வேணுமா?” என்றார். பிறகு தன்னுடைய குரங்குக் குல்லாவைக் கொண்டுவந்து கொடுத்தார்.

பாஸ்போர்ட், அந்நியச் செலாவணி பற்றி எழுதப்போவதில்லை. எழுதினால் இந்தக் கட்டுரை பம்பாயை விட்டுக் கிளம்பாது.

ஜெனோவாவில் இறங்கிய முதல் நாள் காலை, துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தில் ‘பென்ஸியோனே’ என்று பலகை பார்த்தேன். அடுத்த கட்டடத்திலும் அதே பலகை. தெரு முழுக்கப் பென்ஷன் அலுவலகம் வைத்திருக்கிறார்களே, இத்தாலியர்கள் எவ்வளவு பொறுப்பானவர்கள் என்று வியந்து, தொழில் பாசத்தில் மாடி ஏறிப் போனேன். மேலே ஒரு பெண் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். என் தலைக் குல்லாவைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தூங்குவதுபோல் காட்டினாள். எங்கள் அலுவலகத்திலும் அதுதான் நடக்கும் என்றாலும், இவ்வளவு வெளிப்படையாகச் சொல்ல மாட்டோம்.

அது தங்கும் விடுதி என்பது மிலான் ரயிலில்தான் தெளிவாயிற்று. எதிர் இருக்கையில் ஒருவர், ஒரு கால் கொஞ்சம் விறைப்பு, ரொட்டிக்கு நடுவே பாலாடைக்கட்டி வைத்துத் தின்றுகொண்டிருந்தார். என் ஊர் பெங்களூர் என்றதும் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

“ஜாலஹள்ளி! நான் அங்கே அரசாங்க விருந்தாளி!”

யுத்த காலத்தில் ஜாலஹள்ளியில் இத்தாலியக் கைதிகளை வைத்திருந்தது நினைவுக்கு வந்தது. அங்கே கற்ற ஆங்கிலத்தில்தான் பேசினார். நடுநடுவே “ஸ்வல்ப ஸ்வல்ப” என்று கன்னடம். விடுதியும் பென்ஸியோனேதான், யுத்தத்தில் அடிபட்ட காலுக்காகத் தமக்கு வரும் உதவிப் பணமும் பென்ஸியோனேதான், தாம் ஒரு ‘பென்ஸியோனாத்தோ’, அதாவது பென்ஷன்காரர் என்றார்.

“ஒரே சொல்லில் இரண்டா? குழப்பம் வராதா?”

“என்ன குழப்பம்? ஒன்று பணம் கொடுக்கிறது, மற்றது பணம் பிடுங்குகிறது. பைக்குள் கையை விட்டால் தெரிந்துவிடும்.” சற்று யோசித்துச் சேர்த்துக்கொண்டார்: “உங்கள் ஜாலஹள்ளியும் நல்ல பென்ஸியோனே. இடம், சாப்பாடு எல்லாம் இலவசம். வெளியே போகத்தான் விட மாட்டார்கள்.”

தம் ரொட்டியில் பாதியை எனக்குக் கொடுத்தார். எங்கள் ஊரில் அவரை முள்வேலிக்குள் வைத்திருந்தோம். அவர் ஊரில் அவர் எனக்கு ரொட்டி கொடுக்கிறார். நன்றாக இருந்தது, ரொட்டியும்.

மிலானில் காபி குடித்தேன். டிகாக்‌ஷனைக் கொடுத்துவிட்டுப் பாலை மறந்துவிடுகிறார்கள். ஆனால் அந்த டிகாக்‌ஷன், சொல்லத்தான் வேண்டும், கண்ணைத் திறந்துவிடுகிறது. திறந்த கண்ணோடு நான் ஏறியது தவறான ரயில் பெட்டியில். இங்கே ஒரே ரயிலின் பெட்டிகள் வழியில் பிரிந்து வெவ்வேறு ஊருக்குப் போகின்றன. பெட்டியின் பக்கவாட்டில் ஊர்ப் பெயரை எழுதியும் வைத்திருக்கிறார்கள். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவனுக்கு ரயில் பெட்டியைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஜெர்மனிக்குப் போக வேண்டியவன் அன்று சாயங்காலம் சுவிட்சர்லாந்தில், பிரெஞ்சு பேசும் லோசான் நகரத்தில் இறங்கினேன். டிக்கெட் பரிசோதகர் திட்டவில்லை, அபராதமும் போடவில்லை. மறுநாள் எந்தப் பெட்டி, எந்த மேடை என்று தம் கையாலேயே எழுதிக் கொடுத்து, கொட்டாவி விடாமல் வணக்கமும் சொன்னார். அரசாங்க ஊழியர் ஒருவர் இப்படி நடந்துகொண்டதைப் பார்த்து எனக்குச் சற்று அச்சமாகக்கூட இருந்தது.

மறுநாள் ரயிலில் என்னோடு வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை, லத்தீன் கற்பிப்பவர், ஆங்கிலமும் பேசினார். நான் என் சந்தேகத்தைக் கேட்டதுதான் தாமதம், முழு வகுப்பே நடத்திவிட்டார். பிரெஞ்சில் பென்ஷன் என்றால் சாப்பாட்டோடு தங்கும் இடம். மாணவர்கள் தங்கிப் படிக்கும் பள்ளியும் அதுவே. “என் அம்மா என்னை எட்டு வயதில் பென்ஷனில் போட்டுவிட்டார்” என்றார். எட்டு வயதில் பென்ஷன் வாங்கியவர்களைக் கணக்கில் பார்த்திருக்கிறேன், அப்பா இறந்த குழந்தைகள். இவர் சொன்னது அது இல்லை.

“அப்படியானால் என்னைப் போன்றவனுக்கு வருவது?”

“பெரும்பாலும் ரெத்ரெத் என்போம். ராணுவம் பின்வாங்குவதற்கும் அதே சொல்தான்.”

பிரான்சில் நான் தோற்றுத் திரும்பிய படை என்று குறித்துக்கொண்டேன்.

வேர் லத்தீனில் இருக்கிறதாம். தொங்கவிடுவது, அதனால் எடைபோடுவது, எடைபோட்டுப் பணம் கொடுப்பது. நாணயத்தை எண்ணாமல் உலோகத்தை நிறுத்துக் கொடுத்த காலத்துச் சொல். அந்தக் கொடுப்பனவு இங்கிலாந்துக்குப் போய் ஓய்வுகாலப் பணமாயிற்று. பிரான்சில் தங்கிச் சாப்பிடுவதற்குக் கொடுக்கும் கட்டணமாகி, பிறகு அந்த வீடாகவே ஆகிவிட்டது. மனதுக்குள் எடைபோடுவதும் அதே வேர்தான். பிரெஞ்சில் ‘நினைப்பது’ என்பதற்கான சொல் அங்கிருந்து வந்தது என்றார்.

நான் சும்மா இருப்பேனா? தமிழில் தூக்கு என்றாலும் தொங்குவதுதான், நிறுப்பதும் தூக்குதான், யோசித்து முடிவு செய்வதைச் சீர்தூக்கிப் பார்ப்பது என்கிறோம் என்றேன். அவர் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார். இரண்டு மொழிக்கும் உறவு கிடையாது. தராசு மட்டும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் தொங்குகிறது போலிருக்கிறது. பெங்களூரில் என் பேச்சை யாரும் எழுதிக்கொண்டதில்லை. அன்று முழுவதும் ஐரோப்பா மிக அழகாகத் தெரிந்தது.

ஸ்டுட்கார்ட் ரயில் நிலையத்தில் குமரேசன் நின்றிருந்தான். என்னைக் கண்டதும் அவன் முதலில் செய்த காரியம் என் தலையிலிருந்து குல்லாவைக் கழற்றியது.

“அப்பா, எல்லாரும் பார்க்கறாங்க.”

“குளிருதுடா.”

“பெங்களூர்க்காரங்களுக்குக் குளிரே தெரியாதுன்னு நான் இங்க சொல்லி வெச்சிருக்கேன்.”

அங்கிருந்து சிற்றூர் ஒன்றுக்குச் சிறு ரயில். ஊரின் நடுவே மூன்று மாடி வீடு. வாசலில் பலகை: பென்ஷன். ஆங்கிலத்தில் எழுதுவது போலவே எழுதி, ‘பென்ஸியோன்’ என்று கடைசியை அழுத்திச் சொல்கிறார்கள். என் வாழ்க்கை முழுவதும் நான் ஃபைலில் எழுதிய சொல்லுக்குள் பெட்டியோடு நுழைந்தேன்.

ஃப்ராவ் கெஸ்லர், அதாவது திருமதி கெஸ்லர், பெண்ணின் தாய், யுத்தத்தில் கணவரை இழந்தவர். வீட்டை விற்காமல் அறைகளை வாடகைக்கு விட்டு மகளை வளர்த்தவர். அவர் என்னைக் கேட்ட முதல் கேள்வியைக் குமரேசன் மொழிபெயர்த்தான்: “அரசாங்க உத்தியோகமான்னு கேக்கறாங்க, அப்பா.” ஆமாம், ஓய்வு பெற்றவன் என்றதும் அந்த அம்மாள் முகத்தில் மரியாதை ஏறியது. ஜெர்மனியில் அரசாங்க உத்தியோகஸ்தருக்கு வருவதுதான் பென்ஷனாம். மற்றவர்களுக்கு வருவது ‘ரென்டெ’. தமக்குக் கணவர் வழியாக வருவது வெறும் ரென்டெதான் என்று சொல்லி உதட்டைப் பிதுக்கினார். பெண் வீட்டார் அரசாங்க உத்தியோகத்தைக் கண்டு கண்களை அகல விரிப்பது பெங்களூரில் மட்டும் நடக்கும் காரியம் இல்லை.

சாப்பாட்டு அறையில் வார்னிஷ் போட்ட மேசைகள். ஒவ்வொரு விருந்தாளிக்கும் தனித் துணி, தனி இடம். எனக்கு ‘முழு பென்ஷன்’ ஏற்பாடு என்றான் குமரேசன். அதாவது மூன்று வேளைச் சாப்பாடும் சேர்த்து. ‘அரை பென்ஷன்’ என்றால் காலையும் இரவும் மட்டும். அரை பென்ஷனுக்கு மனுப் போட்ட எத்தனை பேரை விதி இடம் தரவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்! இங்கே கேட்டால் உடனே கொடுக்கிறார்கள்.

சிக்கல் அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெண் பார்க்க வந்த வீடே சாப்பாடு போடும் வீடு. முடிவு செய்யாமல் கை நனைக்கக் கூடாது. முடிவு செய்ய நாளாகும். அதுவரை எங்கே சாப்பிடுவது?

விதிகளைத் தொகுத்தேன். காலையில் வரும் ரொட்டியும் ஜாமும் காபியும் பலகாரம், அனுமதி உண்டு. மத்தியானம் வரும் உருளைக்கிழங்கு சூப் சாப்பாடு, அனுமதி இல்லை. கரண்டியால் சாப்பிட்டால் கை நனைவதே இல்லையே என்றும் ஒரு வாதம் மனதில் எழுந்தது. நிராகரித்தேன். விதியின் எழுத்தை மட்டும் படிப்பவன் குமாஸ்தா. நோக்கத்தையும் படிப்பவனைத்தான் சூப்பரின்டெண்ட் ஆக்குகிறார்கள்.

எனவே மத்தியானமும் இரவும் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே போய், ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து வாழைப்பழமும் மோரும் சாப்பிட்டேன். அந்த ஊர்ப் பெஞ்சைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். முதுகு வளையும் இடத்தில் அதுவும் வளைந்திருக்கிறது. ஒரு பலகைகூடப் பிடுங்கப்படவில்லை.

கிறிஸ்டா என்னை ஊர் சுற்றிக் காட்டினாள். மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. ஆங்கிலம் நன்றாகப் பேசினாள். பாட்டுத் தெரியுமா என்று வழக்கம்போல் கேட்டேன். “தெரியாது. நான் பாடினால் விருந்தாளிகள் அறையைக் காலி செய்துவிடுவார்கள்” என்றாள். பிறகு அவள் என்னைக் கேட்டாள்: குழாயில் தண்ணீர் எப்போது வரும், அவள் வேலைக்குப் போக முடியுமா, மொழி தெரியாத முதல் வருடத்தில் பகலில் அவளோடு யார் பேசுவார்கள், குமரேசன் கோபம் வந்தால் பேசாமல் இருக்கிறானே, அது யாரிடமிருந்து வந்தது. நடந்துகொண்டே என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, கோணலாக இருந்த காதுக் கம்பியை வளைத்துத் திருப்பிக் கொடுத்தாள். வருடக்கணக்காக என் மூக்கை அறுத்துக்கொண்டிருந்த கண்ணாடி அது. பெண் பார்க்க எத்தனையோ வீடுகளுக்குக் கூடப்போயிருக்கிறேன். நல்லதை மட்டும் காட்டி, நல்லதை மட்டும் கேட்பார்கள். கெட்டதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பெண்ணை அன்றுதான் பார்த்தேன். என் மனதில் ஃபைல் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நான் மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது, ஃப்ராவ் கெஸ்லர் கதவை மறித்து நின்றார். குமரேசனைப் பார்த்துப் படபடவென்று பேசினார்.

“அப்பா, நீங்க ஆத்தங்கரையில உக்காந்து பழம் தின்னறதைத் தபால்காரர் பார்த்துட்டாராம். அவங்க சமையல்ல என்ன குறைன்னு கேக்கறாங்க. மானம் போகுதுப்பா. நான் விஷயத்தைச் சொல்லிடறேன்.”

“சொல்லாதடா!”

சொல்லிவிட்டான். நிறையக் கையசைத்துச் சொன்னான். நான் அந்த அம்மாளுக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார், நல்ல முறை என்பதுபோல. பிறகு ஏதோ கேட்டார். குமரேசன் முகம் வெளுத்தது; மொழிபெயர்க்கவில்லை.

வழக்கில் சம்பந்தப்பட்டவன் மொழிபெயர்க்கக் கூடாது என்பதால், மூலை மேசையில் இருந்த டச்சுக்காரரைக் கூப்பிட்டேன். டூலிப் பூக்கிழங்கு விற்கும் வியாபாரி, ஆங்கிலம் தெரிந்தவர். எங்கள் மொழியில் விடுதிக்குப் பென்ஷன், உங்கள் பணத்துக்குப் பென்ஸியூன், தனித்தனியாக வைத்திருக்கிறோம், நாங்கள் ஒழுங்கானவர்கள் என்று காலையில்தான் என்னிடம் பெருமையடித்திருந்தார். நாப்கினால் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து நடுவில் நின்றார்.

“அம்மா கேட்கிறார்: ‘இவர் என் பெண்ணைப் பார்க்க வந்தார், சரி. நான் இவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டேனா?’”

எனக்குப் புரியவில்லை. டச்சுக்காரர் விளக்கினார். இந்த வீட்டில் விருந்தாளிகள் சாப்பாட்டு அறையில் சாப்பிடுவார்கள். வீட்டு மனிதர்கள் மட்டும் சமையலறை மேசையில். தாம் வருடாவருடம் வருவதாகவும் அந்தக் கதவைத் தாண்டியதே இல்லை என்றும் சொன்னார். குமரேசனைப் பார்த்தேன்.

“நானும் இன்னும் உள்ள போனதில்லைப்பா” என்றான்.

பெண் பார்க்கப் போகிறவனுக்குத் தன்னையும் யாராவது பார்ப்பார்கள் என்று தோன்றுவதில்லை. எங்கள் முறையில் அதற்கு இடமே இல்லை. வந்த நாள் முதலாக நான் சோபாவில் சாய்ந்தபடி எடை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாள் தட்டு எடுத்தபடி என்னை எடை போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த கேள்வி வந்தது. டச்சுக்காரர் இம்முறை மெதுவாகச் சொன்னார். “‘உங்கள் வீட்டில் என் மகள் சமையலறைக்குள் வரலாமா?’”

குமரேசன் எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். என் மனைவி குளிக்காமல் அடுப்படிக்குள் போக மாட்டாள். சாமி படமும் அங்கேதான். வேலைக்காரி முற்றத்தோடு சரி. பெரிய அதிகாரி மனைவி வந்தாலும் கூடத்தில்தான் காபி. அந்நிய நாட்டுப் பெண்ணுக்கு என்ன விதி? ஒரு விதியும் இல்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வாய்வரை வந்தது. அலுவலகத்தில் என் வாய் அதிகம் சொன்ன வாக்கியம் அது. கிறிஸ்டா சுவரோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று சும்மா சொன்னால் கண்டுபிடித்துவிடும் பார்வை.

என் மனைவி சொன்னதை நினைத்துப் பார்த்தேன். பிடித்திருந்தால் கை நனையுங்கள் என்றாள். சமையலறை நீங்கலாக என்று அவள் சொல்லவில்லை. மறந்து சொல்லாமல் விடுகிறவளும் இல்லை. நான் கிளம்பும் முன் யோசிக்க வேண்டியதை எல்லாம் அவள் யோசித்து முடித்துவிட்டுத்தான் கதவைச் சாத்தியிருக்கிறாள்.

“வரலாம்,” என்றேன். “ஆனால் உண்மையைச் சொல்கிறேன். என் மனைவி கொஞ்ச நாள் அடுப்பைத் தொட விடமாட்டாள். சொன்ன இடத்தில் சொன்ன பாத்திரம் இல்லாவிட்டால் கத்துவாள். என்னை இன்றுவரை தொட விட்டதில்லை. உங்கள் மகளை என்னைவிட முன்னால் விட்டுவிடுவாள் என்று நினைக்கிறேன்.”

டச்சுக்காரர் இதை மொழிபெயர்க்கும்போதே ஃப்ராவ் கெஸ்லர் வாய்விட்டுச் சிரித்தார். போய்ச் சமையலறைக் கதவைத் திறந்து, திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றார். முதலில் என்னை உள்ளே விட்டார், பிறகு குமரேசனை. டச்சுக்காரர் ஆவலாக ஓர் அடி வைத்தார். அந்த அம்மாள் அவரிடம் ஏதோ சொல்லி மூலை மேசைக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

சிறிய அறை. தேய்ந்த மரமேசை. எண்ணெய் போட்டுத் துடைத்த அடுப்பு. என் மனைவி பார்த்தால் குறை சொல்லத் தேடி அலைவாள். அந்தப் பக்கத்துச் சாப்பாடு, வேகவைத்த பருப்பும், இடியாப்பத்தைக் கிள்ளிப் போட்டதுபோல் மாவுத் துண்டங்களும். வழக்கமாக அதில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்களாம். எனக்கென்று தனியாக, கொழுப்பில்லாமல், நான் வந்த நாளிலிருந்து தினமும் எடுத்துவைத்துத் தினமும் வீணாகியிருக்கிறது. கிறிஸ்டா இதைச் சொன்னபோது நான் தின்ற வாழைப்பழங்கள் எல்லாம் தொண்டைக்கு வந்தன.

தட்டின் இடப்பக்கம் முள்கரண்டி, வலப்பக்கம் கத்தி. இரண்டையும் எடுத்து மேசையின் நடுவே தள்ளி வைத்தேன். குழாயில் கை கழுவினேன். உட்கார்ந்து, பருப்பைப் பிசைந்து, முதல் கவளம் வாயில் வைத்தேன். உப்பு சற்றுத் தூக்கல். குமரேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஃப்ராவ் கெஸ்லர் என் விரல்களையே பார்த்திருந்தார். பிறகு தம் கரண்டியையும் எடுத்து நான் வைத்த இடத்திலேயே வைத்தார். அவருக்குப் பருப்பு முழங்கை வரை வழிந்தது. கிறிஸ்டா சிரித்த சிரிப்பில் பாட்டுத் தெரியாதது ஒரு குறையாகவே தெரியவில்லை.

மறுநாள் காலை தபாலாபீஸ் திறந்ததும் கிறிஸ்டாவோடு போய்த் தந்தி எழுதிக் கொடுத்தேன். ‘சமையலறையில் சாப்பிட்டேன்.’ ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் அதைக் கிறிஸ்டாவிடம் கேட்டு இரண்டு முறை படித்தார். இந்தச் செய்தியை இந்தியா வரை அனுப்ப வேண்டுமா என்பதுபோல் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அதே பார்வையை நானும் எத்தனையோ பேர்மேல் வீசியிருக்கிறேன். குறை சொல்ல முடியாது.

“சாதாரணமா, அவசரமா?” என்று கேட்டார்.

“அவசரம்,” என்றேன். “அங்கே ஒருத்தி மஞ்சள் வாங்கக் கிளம்ப வேண்டும்.”